குடும்பத்துக்கே இருமிக் காட்டிய கண்டக்டர்

கூட்டேரிப்பட்டு
தை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் அருணாவுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. ஜெர்மனிக் குளிரில் நீ காது மூக்கு எல்லாம் பத்திரமாக, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க மயிலம் முருகன் துணையிருக்கட்டும். இங்கே நாங்கள் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் அப்படி எழுதினால் சாமி கண்ணைக் குத்தும், அதனால் இருமலும் தும்மலும் போக மற்றபடி சுகம் என்று எழுதுகிறேன். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நீ நினைப்பாய். எனக்குக் குரல் போய்விட்டது அருணா. தொண்டை வீங்கியிருக்கிறது, சத்தமாகப் பேசக்கூடாது, கிசுகிசுவென்றும் பேசக்கூடாது, கிசுகிசுத்தால் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு இது தீபாவளி. நான் ஒரு பக்கம் எழுதி முடிக்க முடிக்க உன் அண்ணி கலையரசி போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், வரிசை மாறி வந்தால் அவளைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு போனில் அரை மணி நேரம் உன்னோடு என் குரலில் பேசியது நான் இல்லை, உன் அப்பா. எனக்குக் குரல் இல்லை என்று தெரிந்தால் பிள்ளை பயந்துவிடும் என்று அவரே போனை வாங்கி, முதலில் அவராகப் பேசி, பிறகு "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று சொல்லி அவரே திரும்பவும் பேசினார். நான் எதிரில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் டிரைவர் மாதிரியும் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரியும் பேசிக்காட்டி ஜனங்களைச் சிரிக்க வைத்த மனுஷன், ரிட்டையர் ஆன பிறகு கைக்குக் கிடைத்தவள் நான்தான். அம்மா குரல் ஏன் கரகரவென்று இருக்கிறது என்று நீ கேட்டாயாம், "பனிடீ" என்றாராம், நீயும் நம்பிவிட்டாய். சரி, அதையாவது விடு. "உங்கப்பா மாதிரி ஒரு மனுஷன் ஏழு ஊர் தேடினாலும் கிடைக்க மாட்டாரு" என்று நான் சொன்னதாக வந்ததே, அந்த இடத்திலாவது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா. மாங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவர்தான், என்னைக் கேட்காதே. அதோடு பொங்கலன்று நீ கூப்பிட்டபோது நாங்கள் கோயிலுக்குப் போயிருக்கிறோம் என்று கலையரசி சொன்னாள் அல்லவா, கோயிலில் இல்லை, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உன் அப்பாவுக்கு நிமோனியா. பதறாதே, வீட்டுக்கு வந்துவிட்டார், இதோ கூடத்தில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டு அதில் உப்பில்லை என்று என் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஆபத்து முழுக்கத் தாண்டவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம், கடைசிவரை பொறுமையாகப் படி.

ஆரம்பம் எப்படி என்றால், மார்கழிக் கடைசியில் விதை மல்லாட்டை (உன் பட்டணத்துப் பாஷையில் வேர்க்கடலை) உரிக்கத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து உன் முனியம்மாள் அத்தை வந்தார். காலையில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தவர், சாயங்காலம் தலையையே தூக்க முடியாமல் படுத்துவிட்டார். குளிர் நடுக்கி, நெருப்பாய்ச் சுட்டு, எலும்பெல்லாம் உலக்கையால் இடித்த மாதிரி வலிக்கிறது என்றார், வறட்டு இருமல் வேறு. அதற்கு இரண்டு நாள் கழித்து உன் அண்ணன் மகள் பாப்பாவுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, லேசான இருமல், ஆனால் அவள் பாட்டுக்குக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். உன் அண்ணி கலையரசிக்குத் தும்மல், ஒன்று இரண்டு இல்லை, ஆரம்பித்தால் பட்டாசுச் சரம் மாதிரி, கண் அரிப்பு, மூக்கு அரிப்பு, காய்ச்சல் மட்டும் துளியும் இல்லை. எனக்குத் தொண்டை கட்டியது, கட்டிய தொண்டையோடு நான் உன் அத்தையிடம் ஊர்க் கதை முழுக்கப் பேசினேன், மறுநாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இத்தனைக்கும் காரணம் யார் என்பதில் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. அத்தை பஸ் ஜன்னலைச் சொன்னார், கலையரசி பனியைச் சொன்னாள், உன் அப்பா நான் மண்டகப்பட்டு வளைகாப்பில் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டதைச் சொன்னார். மூன்று சாப்பிட்டேன், அவருக்குத் தெரியாது.

வைத்தியமும் நடந்தது. வெந்நீர் அண்டாவை நடுவில் வைத்து, நொச்சி இலை போட்டு, பெரிய ஜமுக்காளத்தைப் போர்த்தி நாங்கள் நாலு பேரும் ஒன்றாக ஆவி பிடித்தோம். ஒரு அண்டாதானே இருக்கிறது, தனித்தனியாக எதற்கு என்பது உன் அப்பாவின் யோசனை. அத்தை உள்ளே ஒரு இருமல் இருமினால் நாலு பேருக்கும் பிரசாதம். கலையரசி தும்மிய தும்மலில் அண்டா ஆடி உன் அப்பா முட்டியில் வெந்நீர் தெறித்து, அவர் ஜமுக்காளத்தோடு எழுந்து ஓட, அவர் பின்னாலேயே நாங்கள் மூன்று பேரும் மாடு கட்டின மாதிரி ஓடினோம். நல்லவேளை பாப்பாவை உள்ளே விடவில்லை. பிறகு அத்தை தன் சுருக்குப்பையிலிருந்து போன வருஷத்து மாத்திரை அட்டைகளை எடுத்தார். எதற்குக் கொடுத்தது என்று அவருக்கே ஞாபகமில்லை, சிவப்பு ஆம்பளைக்கு, மஞ்சள் பொம்பளைக்கு என்று பங்கு பிரித்தார். நான் என் பங்கை முருங்கை மரத்தடியில் போட்டேன். முருங்கைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு நடுவில் உன் அப்பா இருந்தாரே, அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். அத்தையோடு சேர்ந்து அவருக்கும் காய்ச்சல் வந்தது, போனது. "கண்டக்டர் ஒடம்புடி இது, கட்டை" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு காய்ச்சல் திரும்ப வந்திருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பகலெல்லாம் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக இருந்தார், கேட்டால் பனி என்றார். படுத்தால் மூச்சு முட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், கேட்டால் விதை மல்லாட்டையை எலி தின்னாமல் காவல் காக்கிறேன் என்றார். சோற்றைத் தொடவில்லை, கேட்டால் கிருத்திகை விரதம் என்றார், கிருத்திகை போய் நாலு நாள் ஆகியும் விரதம் முடியவில்லை. நானும் பக்தி முற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வலது விலாவில் கையை வைத்துக்கொண்டே நடந்தார், அதையும் நான் கவனிக்கவில்லை. எங்கள் கவனமெல்லாம் சத்தமாக இருமியவர்கள் மேலேயே இருந்தது.

கடைசியில் திண்டிவனத்தில் டாக்டர் இருதயமேரியிடம் எல்லோரும் போவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. "அஞ்சு பேரும் போயி அங்க உக்காந்துக்கினு பேஜாரு. நான் ஒருத்தன் போறேன். அவங்கவங்க இருமலை அப்படியே இருமிக் காட்டிட்டு மருந்து வாங்கியாறேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன், அத்தையோ "என் தம்பி இருமினா நான் இருமின மாதிரியே இருக்கும்" என்று தன் பங்குக்குப் பெருமைப்பட்டார். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து ஒத்திகை வேறு. என்னை மட்டும் கூட அழைத்துப்போனார். ஏன் தெரியுமா, இருக்கிற குரலைத்தான் பேசிக்காட்ட முடியுமாம், இல்லாத குரலைக் காட்ட அவரிடம் வித்தை இல்லையாம், அதனால் நான் நேரில் வரவேண்டுமாம்.

டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், "இது எங்க அக்கா முனியம்மாள்" என்று அறிமுகம் செய்துவிட்டு இருமினார். "இது மருமக" என்று தும்மினார், மேஜை மேலிருந்த காகிதம் பறந்தது. "இது பாப்பா" என்று சின்னதாக, அழகாக, மூக்கை உறிஞ்சி ஒரு இருமல். வெளியே காத்திருந்த ஜனம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது, ஒரு ஆள் கைதட்டினான், உன் அப்பா எழுந்து வணக்கம் சொன்னார். டாக்டரம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு, "நல்லா பண்றீங்க ஐயா. ஆனா இருமல் சத்தத்தை மட்டும் வெச்சிக்கினு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பாப்பாவுக்குக் காய்ச்சல் இருக்குதா, பால் குடிக்குதா, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல உள்ள குழியுதா?" என்று கேட்டார். உன் அப்பாவிடம் சத்தம் மட்டும்தான் இருந்தது. நான்தான் பேச முடியாமல் கையாலும் காலாலும் பதில் சொன்னேன், பாப்பா கோழியைத் துரத்துவதை அந்தச் சின்ன அறையில் ஓடிக் காட்டினேன். "குடும்பமே நாடகக் கம்பெனிதானா" என்று நர்ஸ் பெண் சிரித்தாள்.

டாக்டரம்மா கேட்டுக் கேட்டுச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், அங்கே தனியாக இருக்கிறாய், உபயோகப்படும். பாப்பாவுக்கு வந்தது சாதாரணச் சளி, மெல்ல வரும், மூக்கிலேயே குடியிருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானே போகும், அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம். அத்தைக்கு வந்தது ஃப்ளூ, அது கதவைத் தட்டாமல் வரும், ஒரே நாளில் ஆளைக் கீழே தள்ளும், காய்ச்சலும் உடம்பு வலியும்தான் அதற்கு அடையாளம், வயதானவர்கள், கர்ப்பமானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் முதல் இரண்டு நாளிலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். கொரோனாவும் இதே வேஷத்தில் வரும், பரிசோதித்தால்தான் தெரியும். கலையரசிக்கு இருப்பது கிருமியே இல்லை, மல்லாட்டைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சல் இல்லாமல் அரிப்பும் தும்மலுமாக இருந்தால், இடத்தை விட்டு நகர்ந்ததும் குறைந்தால், அது அலர்ஜி. உரிக்கிற வேலையிலிருந்து அவளைத் தள்ளி வையுங்கள் என்றார். பிறகு வீட்டில் இது தெரிந்ததும் கலையரசிக்கு முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பேசாத விரதம். பழைய மாத்திரையைப் பங்கு பிரித்த கதையை நான் நடித்துக் காட்டியபோது மட்டும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்கு ஆகாது, இன்னொரு முறை கேள்விப்பட்டால் அந்தச் சுருக்குப்பையைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன் என்றார்.

எல்லாம் முடிந்து எழுந்தோம். டாக்டரம்மா, "ஐயா, உங்க இருமல் எங்க? அதை மட்டும் காட்டலியே" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா" என்றார் உன் அப்பா. அப்போதுதான் நான் அவரைச் சரியாகப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூக்கு ஓரம் விடைத்து விடைத்து அடங்கியது. உட்காருங்கள் என்றதற்கு, "என் நெஞ்சைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் அத்தனை ஸ்டாப்பையும் ஒரே மூச்சுல சொல்வேன்" என்று ஆரம்பித்தார். திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, பேரணி என்றார், அதற்கு மேல் வரவில்லை. விக்கிரவாண்டியைச் சொல்ல வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. விரலில் ஒரு கிளிப் மாதிரி மாட்டினார், அதில் எண்பத்தெட்டு என்று காட்டியது. "எண்பத்தெட்டா, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார் உன் அப்பா. "இதுல தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும் ஐயா. தொண்ணூறுக்குக் கீழ போனா ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா நர்ஸைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். அருணா, ஏங்க என்று கூப்பிட வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவரை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டிருப்பேன், அந்த ஒரு தடவை கூப்பிட முடியவில்லை. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுகைக்கும் சத்தம் இல்லை.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுக்க வைத்தார்கள், மனுஷன் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. வண்டி கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது ஒரு விரல், விக்கிரவாண்டி டோல்கேட்டில் இன்னொரு விரல் என்று ஸ்டாப் எண்ணிக்கொண்டே வந்தார். டோல்கேட்டில் வண்டி ஒரு நிமிஷம் நின்றது, பக்கத்துத் தகரத்தில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டினார். ரைட் கொடுக்கிறாராம். டிரைவர் பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் கன்னத்தில் இரண்டு வைக்கலாமா என்றும் வந்தது.

விழுப்புரத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள், வலது நுரையீரலில் அடிப்பக்கம் நிமோனியா. ஃப்ளூ வந்து போன இடத்தில், வீடு திறந்து கிடக்கிறதே என்று இது உள்ளே நுழைந்துவிட்டதாம். காய்ச்சல் விட்டு நன்றாகி, மறுபடியும் காய்ச்சல் வந்தால் அது சாதாரணம் இல்லை, அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். சளியை வாங்கிக் காசநோய்க்கும் பரிசோதித்தார்கள், அது இல்லை, முருகன் புண்ணியம். பொங்கலன்று வார்டில் நர்ஸ் பெண்கள் ஆளுக்கு ஒரு துண்டு கரும்பு கொடுத்தார்கள், இவருக்குக் கடிக்கத் தெம்பில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கேதான் அவர் இருமியதைக் கேட்டேன். யார் மாதிரியும் இல்லை, அடியிலிருந்து வந்தது, முடிந்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கல்யாணமான நாளிலிருந்து இவர் யார் யார் மாதிரியோ பேசிக் கேட்டிருக்கிறேன், இவருடைய இருமல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அது எனக்கு ரொம்ப வலித்தது.

ஊசியும் ஆக்சிஜனுமாக இருந்து, ஆக்சிஜனை எடுத்த பிறகும் விரல் கருவியில் தொண்ணூற்றாறு நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி மாத்திரையை முழுக்கச் சாப்பிட வேண்டும், நாளைக்கு வெள்ளிக்கிழமை திரும்ப வந்து நெஞ்சைக் காட்ட வேண்டும், நடுவில் மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா நாளைக்குப் போக மாட்டாராம். இரண்டு மாத்திரையை மிச்சம் பிடித்து அத்தையின் சுருக்குப்பைக்கு அனுப்பப் பார்த்தார், நான் கண்டுபிடித்தேன். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, எதிர் வீட்டுத் தென்னை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணுகிற மாதிரி பாவனை செய்கிறார். நேற்று சாயங்காலம் நெற்றி லேசாகச் சுட்டது. கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்ல". எனக்குப் பயமாக இருக்கிறது அருணா. நான் பேச முடியாதவள், கலையரசி சொன்னால் சரிம்மா சரிம்மா என்பார், உன் அண்ணன் வல்லரசு ஓசூரிலிருந்து போனில் அதட்டினால் அவன் குரலிலேயே அவனுக்குப் பதில் சொல்கிறார். நீ சொன்னால் கேட்பார். இதைப் படித்ததும் கூப்பிட்டுக் கொஞ்சம் அழு. உனக்குச் சின்ன வயதிலிருந்து அழுகை நன்றாக வரும். கையெழுத்து கோணுகிறது, அடுப்பில் ரசம் கொதிக்கிறது, போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. அருணா, நீ அழ வேண்டாம். நேற்று முடிக்க முடியவில்லை, போட்டோவும் அனுப்பவில்லை, இன்று காலையில் நடந்ததையும் சேர்த்து எழுதி ஒன்றாக அனுப்பச் சொல்கிறேன். காலையில் நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இருமல் சத்தம், அதே இருமல், அடியிலிருந்து வந்து விலாவில் முட்டி நிற்கிற இருமல். உன் அப்பாவுக்குத் திரும்பிவிட்டது என்று கரிக் கையோடு ஓடினேன். அவர் தோட்டத்துப் பக்கத்திலிருந்து துண்டோடு வருகிறார், அவர் இருமவில்லை. கூடத்தில் பாப்பா மட்டும் நிற்கிறாள். மறுபடியும் இருமுகிறாள், மூன்று வயதுப் பிள்ளையின் சின்ன நெஞ்சிலிருந்து அந்தக் கிழட்டு இருமல். எனக்கு உயிர் போய்விட்டது. தூக்கி மடியில் போட்டுச் சட்டையை மேலே சுருட்டி, டாக்டரம்மா சொன்ன மாதிரி நெஞ்சைப் பார்த்தேன். விலாவுக்கு நடுவில் குழியவில்லை, வயிறு மெதுவாக ஏறி இறங்கியது, நெற்றி சுடவில்லை, உதடு சிவப்பாக இருந்தது. பால் டம்ளரை நீட்டினேன், மூச்சு விடாமல் குடித்துவிட்டு, மீசை மாதிரிப் பாலோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு கையை வலது விலாவில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, இன்னொரு தடவை இருமிவிட்டு, "நான் தாத்தா" என்றாள். கடைசியில் கண்ணை மூடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

கலையரசி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள், வந்தவள் உன் அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவர் துண்டைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி பண்ணு கண்ணு" என்றார். பாப்பா இன்னொரு வாட்டி செய்தாள், கை, விலா, குனிவு எதுவும் தப்பவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இப்படியாடி இருமிக்கினு இருந்தேன்?" என்று அவருடைய சொந்தக் குரலில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸு போயிடும், கிளம்பு" என்றார்.

இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்க்கிறாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், வலது பக்கம் காற்று உள்ளே போக ஆரம்பித்திருக்கிறது, நேற்றுச் சுட்டதற்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் வந்தது நல்லது என்றார். ஒரு மாதத்துக்கு யார் குரலிலும் பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அவர் சொன்னதும் நான் கைகூப்பிக் கும்பிட்டேன். அடுத்த வருஷம் குளிருக்கு முன்னால் இவருக்கும் அத்தைக்கும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டுமாம், அத்தையைப் பிடித்து வருவதற்கு இப்போதிருந்தே நாங்கள் தயாராகிறோம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தீர்க்காயுசாக, நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும், உன் வேலை உயர வேண்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அத்தையும் அண்ணியும் கேட்டதாகச் சொன்னார்கள், கிளம்பும்போது பாப்பா காகிதத்தில் முத்தம் கொடுத்தாள், கறை இருந்தால் அது அதுதான். தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே போகாதே. சளி பிடித்தால் வெந்நீர் குடித்துப் படுத்துக்கொள், பயப்படாதே, ஆனால் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விட்ட காய்ச்சல் திரும்பி வந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் மூச்சுக்கு நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும் போய்க் காட்டு. அப்பாவுக்குப் பிறந்தவள் நீ, ஒண்ணும் இல்ல என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவாய் என்று எனக்குத் தெரியும். பாப்பா இருமியபோது சட்டையைத் தூக்கிப் பார்க்க என் மடி பக்கத்தில் இருந்தது. உனக்கு அங்கே நான் இல்லை, அதனால் நீயே பார்த்துக்கொள், பார்த்துவிட்டு எனக்கு உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
பிரபாவதி அரங்கநாதன்